பழைய டேங்க், புதிய பம்ப்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



மலேசியச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் டொயோட்டா கொரோலா கேஇ70-க்குத் தனி இடம் உண்டு. 1979-ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த கார் அது. இங்குள்ளவர்கள் செல்லமாக 'டிஎக்ஸ்' என்பார்கள். ஒரு காலத்தில் அது குடும்பக் கார். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்று, தைப்பூசத்திற்குப் பத்துமலை வரை போய் வந்து, பிறகு வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பல ஆண்டுகள் படுத்துக் கிடந்தது. இன்று அதே கார் மகனின் கைக்கு வந்திருக்கிறது.

மகன் சும்மா விடுவாரா? பழைய 4கே என்ஜினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் 'ஹாஃப் கட்' கார்களிலிருந்து 4ஏ-ஜிஇ என்ஜினை எடுத்துப் பொருத்துகிறார். 1983-இல் ஏஇ86 காரில் வந்த 1,587 சிசி, 16 வால்வு, இரட்டை கேம் என்ஜின் அது. புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான அந்தத் தேசியக் காரின் கார்புரேட்டர் என்ஜினை எடுத்துவிட்டு 4ஜி93 போன்ற இன்ஜெக்ஷன் என்ஜினை ஏற்றுகிறார்கள்.

என்ஜினுக்குச் செலவு, கியர்பாக்ஸுக்குச் செலவு, சாயத்துக்குச் செலவு, ரிம்முக்குச் செலவு. ஆனால் காரின் பின்னால், யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பெட்ரோல் டேங்க் மட்டும் அப்படியே இருக்கிறது. நாற்பது ஆண்டு பழமையான அந்த இரும்புப் பெட்டியிலிருந்துதான் புத்தம் புதிய மின்சாரப் பம்ப் பெட்ரோலை இழுக்க வேண்டும். இப்படி மாற்றிய கார்களில் பம்ப் அடிக்கடி சாவதற்குப் பெரும்பாலும் பம்ப் காரணமில்லை. டேங்கிலிருந்து வரும் அழுக்கும், அந்த அழுக்கைத் தடுக்க தவறான இடத்தில் வைக்கப்படும் ஃபில்டரும்தான் காரணம். இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

அன்று ஓடியது, இன்று ஏன் ஓடவில்லை?

"இதே டேங்கை வைத்துத்தானே அப்பா இருபது வருடம் ஓட்டினார்? அப்போது வராத அழுக்கு இப்போது எங்கிருந்து வந்தது?" பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. பதில் இரண்டு பம்புகளும் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

பழைய என்ஜினில் இருந்தது இயந்திரப் பம்ப். என்ஜினின் கேம் ஷாஃப்ட் அதன் கையைத் தட்டும். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு மேலும் கீழும் அசையும். அது தரும் அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார் அளவுதான். கார்புரேட்டரின் சிறு தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பி வழியை அடைத்துவிடும், பம்பும் அடங்கிவிடும். என்ஜின் எவ்வளவு குடித்ததோ, ஏறக்குறைய அவ்வளவுதான் டேங்கிலிருந்து கிளம்பும். கொஞ்சம் தூசு வந்தாலும் கார்புரேட்டர்த் தொட்டியின் அடியில் தங்கிவிடும். மிஞ்சிப் போனால் ஜெட் அடைக்கும். சாலையோரத்தில் நிறுத்தி, கழற்றி, ஊதிவிட்டுப் போகலாம்.

இன்ஜெக்ஷன் என்ஜினின் கதை வேறு. அதற்கு 2.5 முதல் 3 பார் வரை அழுத்தம் வேண்டும். கார் டயருக்கு அடிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இது அதிகம். அந்த அழுத்தத்தைத் தரும் மின்சாரப் பம்ப், என்ஜின் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 100 லிட்டர் தள்ளும் ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது என்ஜினுக்குத் தேவை மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான். மீதி முழுவதும் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால், அரை மணி நேரத்தில் அந்த 50 லிட்டரும் ஒரு முறை பம்புக்குள் புகுந்து வெளியே வந்துவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போய்ச் சேருவதற்குள் டேங்கில் இருப்பது பல முறை சுற்றி வந்துவிடும். திரும்பி விழும் பெட்ரோல் டேங்கின் அடியையும் கலக்கிவிடுகிறது. இருபது ஆண்டு அடியில் அமைதியாகப் படுத்திருந்த வண்டல் இப்போது எழுந்து பயணம் செய்கிறது. அழுக்கு புதிதாக வரவில்லை. முன்பு தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது எழுப்பப்பட்டிருக்கிறது.

அந்த அழுக்கு எது?

முதலாவது துரு. பழைய டேங்குகள் இரும்புத் தகட்டால் ஆனவை. உள்ளே பூசிய காப்புப் பூச்சு காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது. டேங்க் பாதி காலியாக இருந்தால் மீதிப் பாதியில் காற்று இருக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் நீர்த்துளியாகி, பெட்ரோலைவிட கனமானதால் அடியில் போய்த் தேங்கும். பழுதான மூடி வழியாக மழை நீரும் இறங்கும். நிறுத்தி வைத்த காரில் இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இரண்டாவது பிசின். நீண்ட நாள் கிடந்த பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாகி டேங்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பெட்ரோல் ஊற்றியதும் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகி வரும்.

மூன்றாவது, மாற்றம் செய்யும்போது மனிதர் போட்டது. டேங்கில் புதிய குழாய் வைக்கத் துளையிட்ட இரும்புத் தூள், வெல்டிங் பொரி, குழாய் மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் நார், பழைய ரப்பர்க் குழாயின் உள்தோல், சரியாக ஒட்டாமல் உரிந்து வரும் டேங்க் பூச்சு. காரை மாற்றியமைத்த முதல் மாதத்திலேயே பம்ப் போய்விட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மூன்றாவது வகையைத்தான்.

இவை பம்பை எப்படிக் கொல்கின்றன? உயர் அழுத்தப் பம்பின் உள்ளே உருளைகளோ பற்சக்கரங்களோ மிக நெருக்கமான இடைவெளியில் சுற்றுகின்றன. அந்த இடைவெளியின் அளவைச் சொல்ல மைக்ரோன் என்ற அலகு வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். அந்த இடைவெளிக்குள் ஒரு துருத்துகள் புகுந்தால் உலோகத்தைக் கீறும். கீறல் விழுந்த இடத்தில் பெட்ரோல் பின்னுக்குக் கசியும், அழுத்தம் குறையும். பெரிய துண்டாக இருந்தால் பம்ப் இறுகி நின்றே போகும்.

நல்ல எண்ணம், தவறான இடம்

இவ்வளவும் கேட்ட கார் உரிமையாளர் என்ன செய்வார்? கடைக்குப் போய் இருப்பதிலேயே நுண்ணிய ஃபில்டரை வாங்கி, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டுவார். 'பம்பைக் காக்க வேண்டும், அதனால் பம்புக்கு முன்னால் மிக நுண்ணிய ஃபில்டர்' என்பது அவர் கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

காரணம் எளிது. இந்தப் பம்புகள் தள்ளுவதில் சூரர்கள். இழுப்பதில் மிகவும் பலவீனமானவை. தள்ளும் பக்கத்தில் ஐந்து பார் வரைகூடத் தள்ளும். இழுக்கும் பக்கத்தில் அதற்கு உதவுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. அது ஒரு பார்தான். அந்த ஒரு பாரையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும் திரவம். அதன் இலேசான பகுதி 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில், என்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் பெட்ரோல் டேங்கையும் சூடாக்கியிருக்கும். அந்த நிலையில் பம்ப் சற்றுப் பலமாக இழுத்தாலே குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, பெட்ரோல் குமிழ் குமிழாகக் கொதித்துவிடும்.

உறிஞ்சுகுழாயில் இளநீர் குடித்தவர்களுக்கு இது புரியும். குழாயின் நுனியில் வழுக்கைத் துண்டு அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? எவ்வளவு இழுத்தாலும் நீர் வராது, குழாய்தான் ஒட்டிப்போகும். நுண்ணிய ஃபில்டரை முன்னால் வைத்த பம்பின் நிலையும் அதுதான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்தப் பம்பின் மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிச் சுற்றுகிறது. பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. பெட்ரோல்தான் அதற்கு மசகு. குமிழும் ஆவியும் வந்தால் குளிர்ச்சியும் இல்லை, மசகும் இல்லை. பம்ப் ஊளையிடத் தொடங்கும், சூடேறும், சில வாரங்களில் செத்துப்போகும். உரிமையாளர் பம்பைக் கழற்றிப் பார்ப்பார். உள்ளே ஒரு தூசும் இருக்காது. "சுத்தமாகத்தானே இருக்கிறது? போலிப் பம்பைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரைத் திட்டுவார். சந்தையில் போலிப் பம்புகள் இருப்பது உண்மைதான். போஷ் 044 போன்ற பெயர் பெற்ற பம்புகளுக்குப் போலிகள் நிறையவே உலவுகின்றன. ஆனால் அசல் பம்பை வாங்கி அதே இடத்தில் மாட்டினாலும் முடிவு மாறாது. அழுக்கைத் தடுத்தாயிற்று, பசியால் பம்ப் இறந்தது.

முன்னால் பெரிய கண், பின்னால் சிறிய கண்

சரியான முறை இதற்கு நேர்மாறானது. பம்புக்கு முன்னால் பெரிய கண் கொண்ட வலை. பம்புக்குப் பின்னால் சிறிய கண் கொண்ட ஃபில்டர்.

முன்னால் வைப்பது சுமார் 100 மைக்ரோன் அளவுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையாக இருக்கலாம். பம்பைக் கீறி நிறுத்தக்கூடிய பெரிய துண்டுகளை அது பிடித்துவிடும். பெட்ரோலைத் தடையின்றி விடும். அதன் பரப்பளவு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. வலையில் பாதி அடைத்தாலும் மீதிப் பாதி வழியாகப் பெட்ரோல் ஓடும். கழுவி மீண்டும் மாட்டக்கூடிய வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

பின்னால் வைப்பது சுமார் 10 மைக்ரோன் அளவுள்ள நுண்ணிய ஃபில்டர். இன்ஜெக்டரின் வாய் மிகச் சிறியது. அதற்கு இந்த அளவு சுத்தம் தேவை. பம்ப் தள்ளும் பக்கத்தில் இருப்பதால் நுண்ணிய வலையின் தடையை அது எளிதில் தாண்டிவிடும். பம்புக்கு உள்ளேயே தேய்மானத்தால் உதிரும் உலோகத் தூளையும் இந்த இரண்டாவது ஃபில்டர்தான் பிடிக்கிறது. ஆகவே முதல் வலை பம்பைக் காக்கிறது. இரண்டாவது ஃபில்டர் இன்ஜெக்டரைக் காக்கிறது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளிலும் கார்புரேட்டர் கார்களிலும் மாட்டும் மலிவான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டரைப் பம்புக்குப் பின்னால் மாட்டவே கூடாது. அது 3 பார் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். அங்கே உலோக உடல் கொண்ட, இன்ஜெக்ஷனுக்கு உரிய ஃபில்டர்தான் வேண்டும். அதன் மேல் அம்புக்குறி இருக்கும்; அம்பு என்ஜினை நோக்க வேண்டும்.

குழாயின் அளவும் முக்கியம். பம்புக்குள் வரும் குழாய், வெளியேறும் குழாயைவிட அகலமாக இருக்க வேண்டும். பழைய டேங்கில் உள்ள மெல்லிய உறிஞ்சும் குழாயையே வைத்துக்கொண்டு பெரிய பம்பைப் பொருத்துவது, நுண்ணிய ஃபில்டரை மாட்டியதற்குச் சமம். பம்ப் டேங்கின் வெளியே இருந்தால், டேங்கின் அடிமட்டத்துக்கு இணையாக அல்லது அதற்குக் கீழே, டேங்குக்கு அருகில் இருக்கட்டும். மேட்டில் வைத்தால் இழுக்கும் சுமை கூடிவிடும். ஆனால் சாலையில் தெறிக்கும் கல் அடிக்காத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபில்டர் துடைப்பம் அல்ல

எத்தனை வலை வைத்தாலும், அழுக்கான டேங்கை ஃபில்டர் சுத்தம் செய்யாது. அது வாசலில் நிற்கும் காவல்காரர். வீட்டைக் கூட்டிப் பெருக்குவது அதன் வேலையல்ல. என்ஜின் மாற்றும்போதே டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும். கார் ஏற்கனவே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பெட்ரோலை வடிக்க வேண்டும். சிகரெட், அடுப்பு, தீப்பொறி எதுவும் அருகில் கூடாது. டேங்கை இறக்கி, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கருவியைக் கழற்றினால் உள்ளே பார்க்க வழி கிடைக்கும். டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். லைட்டரைப் பற்றவைத்து எட்டிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

பிறகு சோப்புத் தூளும் சுடுநீரும் ஊற்றிப் பல முறை குலுக்கிக் கழுவ வேண்டும். துருச் செதில் ஒட்டியிருந்தால் ஒரு கைப்பிடி சிறிய போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போதும் எண்ணுங்கள். எஞ்சிய துருவைக் கரைக்க சிட்ரிக் அமிலக் கரைசலோ வெள்ளை வினிகரோ ஊற்றி ஒரு நாள் ஊற வைக்கலாம். அதன்பின் நீரால் அலசி, சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, மீண்டும் அலசி, உடனே உலர்த்த வேண்டும். 'உடனே' என்ற சொல் முக்கியம். ஈரமான வெற்று இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடியும் துருப்பிடிக்கத் தொடங்கும். உலர்ந்ததும் உட்புறம் முழுவதும் மெல்லிய எண்ணெய் படும்படி உருட்டி வைக்கலாம். காரில் ஏற்றியவுடன் பெட்ரோலை நிறைத்துவிடலாம்.

டேங்கின் உட்புறத்தில் பூசும் 'சீலர்' பற்றிப் பலர் கேட்பார்கள். துருவும் எண்ணெய்ப்பசையும் முழுதாகப் போன பிறகு, தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி பூசினால் அது பயன் தரும். துருவின் மேலேயே பூசினால் சில மாதங்களில் தோல் தோலாக உரிந்து வலையை அடைக்கும். அரைகுறையாகப் பூசுவதைவிட பூசாமலே இருப்பது மேல். தகடு ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் அந்த டேங்குக்கு விடைகொடுத்துவிட்டு வேறு டேங்க் தேடுவதே நல்லது.

டேங்கில் புதுக் குழாய் வைக்க வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், அதைத் தொழில் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 'பெட்ரோலை வடித்துவிட்டோமே, இனி என்ன?' என்று நினைப்பதுதான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். வடித்த டேங்கில் அந்தக் கலவை தயாராக இருக்கும். காலி டேங்க்தான் வெடிக்கும் டேங்க். பல முறை கழுவி, ஆவி அறவே நீங்கியது உறுதியான பின்னரே அதில் நெருப்பு படலாம்.

வளைவில் வரும் இன்னொரு சிக்கல்

இன்ஜெக்ஷன் கார்களின் டேங்குக்குள் பெட்ரோல் சிதறாமல் பிடித்து வைக்கத் தடுப்புகள் இருக்கும். கார்புரேட்டர் காலத்து டேங்கில் அவை போதிய அளவு இருக்காது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். கேமரன் மலைப் பாதை போன்ற வளைவுகளில் என்ஜின் திக்கித் திணறுவது இதனால்தான். கார்புரேட்டருக்கு அதன் சிறு தொட்டி கைகொடுத்தது; இன்ஜெக்ஷனுக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

இதற்கான தீர்வு சர்ஜ் டேங்க். ஓரிரு லிட்டர் கொள்ளும் சிறு குப்பி அது. பெரிய டேங்கிலிருந்து விலை குறைந்த குறை அழுத்தப் பம்ப் ஒன்று பெட்ரோலை எடுத்து அந்தக் குப்பியை நிறைத்துக்கொண்டே இருக்கும். உயர் அழுத்தப் பம்ப் குப்பியின் அடியிலிருந்து எடுத்து என்ஜினுக்கு அனுப்பும். என்ஜினிலிருந்து திரும்புவது குப்பிக்கே வரும். குப்பி நிரம்பி வழிவது பெரிய டேங்குக்குப் போகும்.

பம்பைக் காக்க நினைப்பவருக்கு இதில் கூடுதலான ஓர் ஆதாயம் இருக்கிறது. டேங்கின் அழுக்கை முதலில் சந்திப்பது விலை குறைந்த பம்ப். அதற்கு முன்னால் பெரிய கண் வலை. குப்பிக்குப் போகும் வழியில் இன்னொரு ஃபில்டர் வைக்கலாம். அங்கே அது தள்ளும் பக்கத்தில் இருப்பதால் கெடுதல் இல்லை. விலை உயர்ந்த பம்புக்கு வருவது ஏற்கனவே வடிகட்டப்பட்ட பெட்ரோல். அதுவும் குப்பியிலிருந்து தானாக இறங்கி வருவதால் இழுக்கும் சுமையே இல்லை. ஆனால் சர்ஜ் டேங்கைக் கார் உள்ளே, பயணிகளோடு ஒரே அறையில் வைப்பது நல்லதல்ல. வைத்தே ஆக வேண்டுமானால் மூடிய பெட்டிக்குள், ஆவி வெளியே போக வழியோடு வைக்க வேண்டும்.

நோயைச் சொல்லும் அறிகுறிகள்

பம்ப் திடீரென்று சாவது குறைவு. அதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் சாகும். வழக்கத்தைவிட உரக்க ஊளையிடுவது முதல் அறிகுறி. சமதரையில் நன்றாக ஓடும் கார், கெந்திங் செம்பா ஏற்றத்தில் மட்டும் இழுக்காமல் திணறுவது இரண்டாவது.

மூன்றாவது அறிகுறி பலரையும் குழப்புவது. கார் ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால், ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். இருபது கிலோமீட்டர் போனதும் திரும்ப நிற்கும். மின்சாரக் கோளாறு என்று எண்ணி ஒயர்களை மாற்றுவார்கள், ரிலேயை மாற்றுவார்கள். உண்மையில் நடப்பது இதுவாக இருக்கலாம்: பம்ப் இழுக்கும்போது அழுக்கு வலையில் போய் ஒட்டுகிறது. பம்ப் நின்றதும் ஒட்டியது உதிர்ந்து விழுகிறது. வலை திறந்துகொள்கிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி ஒட்டுகிறது. பம்பின் சூடு ஆறுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

சோதிக்க அழுத்தமானி ஒன்று போதும். சும்மா நிற்கும்போது அழுத்தம் சரியாகக் காட்டினால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அப்போது என்ஜின் குடிப்பது மிகக் குறைவு. சுமையோடு ஓடும்போது அழுத்தம் இறங்கினால் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. பம்பை மாற்றுவதற்கு முன் வலையைக் கழற்றிப் பாருங்கள். பம்புக்கு வரும் மின்சாரத்தையும் அளந்து பாருங்கள். பழைய மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் குறைந்தாலும் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும்.

மாற்றிய பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். பெட்ரோல் நன்றாக வடிந்து காய்ந்த பிறகு, தீப்பொறி வராத கை வாளால் அறுத்துப் பாருங்கள். டேங்கின் மருத்துவ அறிக்கை அதற்குள் இருக்கும். செம்பழுப்புத் தூள் என்றால் துரு. கறுப்புத் துணுக்கு என்றால் ரப்பர்க் குழாய் உள்ளே உரிகிறது. ஒட்டும் பழுப்புப் பசை என்றால் பழைய பெட்ரோலின் பிசின். மினுமினுக்கும் தூள் என்றால் பம்பே தேய்கிறது. எதை மாற்ற வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

ஓர் ஆளை எண்ணிப் பாருங்கள். இரவு நேரம். காராக் நெடுஞ்சாலையில் மழை. பின்னிருக்கையில் மனைவியும் பிள்ளையும். முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு வலது தடத்துக்கு வந்து மிதிக்கிறார். அந்த நொடியில் என்ஜின் அடங்கிப்போகிறது. பின்னால் வரும் விளக்குகள் நெருங்குகின்றன. டேங்கைக் கழுவ ஒரு நாள் ஒதுக்காததற்கு இப்படி ஒரு விலை தேவையா? பழைய காரை மாற்றியமைப்பது பொழுதுபோக்குதான். அதில் ஏறுகிறவர்களின் உயிர் பொழுதுபோக்கு அல்ல.

நின்றுபோவது ஓர் ஆபத்து என்றால், தீ இன்னோர் ஆபத்து. கார்புரேட்டர் காலத்து ரப்பர்க் குழாயை 3 பார் அழுத்தத்தில் விட்டால் அது வெடிக்கும், அல்லது கிளாம்பிலிருந்து நழுவும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிடப்பட்ட இன்ஜெக்ஷன் குழாயையும், விளிம்பு வெட்டாத இன்ஜெக்ஷன் கிளாம்பையும் பயன்படுத்த வேண்டும். பழைய இயந்திரப் பம்ப் என்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். மின்சாரப் பம்புக்கு அந்த அறிவு கிடையாது. விபத்தில் குழாய் அறுந்தாலும் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எனவே பம்பை நேராகச் சாவிக்கு இணைக்காமல், என்ஜின் சுழலாதபோது மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே வழியாக இணைக்க வேண்டும். மோதலில் தானே துண்டிக்கும் அதிர்வு விசையும் இருந்தால் நல்லது.

என்ஜினை மாற்றியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யிடம் தெரிவித்து, வாகனப் பரிசோதனை செய்து, அனுமதியோடு பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பதிவில் ஒரு என்ஜினும் காரில் இன்னொரு என்ஜினும் இருந்தால், விபத்துக்குப் பின் காப்புறுதி இழப்பீடு கேட்கும்போது சிக்கல் எழலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் டேங்கைக் கழுவுங்கள். பிறகு அகலமான குழாய். பம்புக்கு முன்னால் 100 மைக்ரோன் வலை, பின்னால் 10 மைக்ரோன் ஃபில்டர். டேங்க் தடுப்பு இல்லாததாக இருந்தால் சர்ஜ் டேங்க். மாற்றம் முடிந்து முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வலையைக் கழற்றிப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் மீண்டும் பாருங்கள். இரண்டாவது முறை முதல் முறையைவிடச் சுத்தமாக இருந்தால் டேங்க் சரியாகிவருகிறது என்று பொருள். அதே அளவு அழுக்கு வந்துகொண்டே இருந்தால் ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. டேங்கை மறுபடி இறக்குங்கள். அதன்பின் என்ஜின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வலையையும் ஒரு கை பார்த்துக்கொள்ளலாம். கால் டேங்குக்குக் கீழே பெட்ரோல் இறங்காமல் ஓட்டுவதும், காரை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கை நிறைத்து வைப்பதும் நல்ல பழக்கங்கள்.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செலவு செய்வது எளிது. பானட்டைத் திறந்தால் பளபளக்கும் என்ஜினை நாலு பேர் பார்த்துப் பாராட்டுவார்கள். டேங்கின் உள்ளே எட்டிப் பார்த்துப் பாராட்ட யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஏற்றத்தில் மிதித்தவுடன் கார் தயங்காமல் எழும்பிப் போவதற்கு அந்த இருட்டுப் பெட்டியின் சுத்தம்தான் காரணம். அப்பா விட்டுச் சென்ற காரை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச் செல்ல விரும்புகிறவர்கள், வேலையைக் காரின் பின்பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.